அரிப்பு வந்ததும் முட்டையை நிறுத்துவதா?

முழங்கை மடிப்பில் எக்ஸிமா (தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய்) சினந்து, தூக்கம் கெட்டுச் சொறிந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் பால், முட்டை, கோதுமை மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். பத்து நாளில் தோல் அடங்கியது. ஆனால் மருத்துவர் கொடுத்த களிம்பையும் அதே வாரம்தான் தடவ ஆரம்பித்திருந்தேன். எது வேலை செய்தது? இன்றுவரை தெரியாது. மூன்றையும் திரும்பத் தொடப் பயந்துகொண்டு மாதக்கணக்கில் திரிந்ததுதான் மிச்சம்.

பலரும் சறுக்குவது இங்கேதான். உணவை நிறுத்துவது முதலில் ஒரு சோதனை. சிகிச்சையா இல்லையா என்பது அப்புறம். சந்தேகப்படும் ஒரே ஒரு உணவை இரண்டு முதல் நான்கு வாரம் விட்டுப் பாருங்கள். களிம்பு, சோப்பு எல்லாம் பழையபடியே இருக்கட்டும். பிறகு அதைத் திரும்பச் சாப்பிட வேண்டும். இந்தப் பாதியைத்தான் பெரும்பாலானவர்கள் செய்வதே இல்லை. எக்ஸிமா தானாகவே ஏறி இறங்கும். திரும்பச் சாப்பிட்டபோது மறுபடி சினந்தால்தான் அந்த உணவின் மேல் பழி போட முடியும்.

ஒரு எச்சரிக்கை. எதையோ சாப்பிட்டதும் உதடு வீங்கியது, மூச்சு திணறியது என்று ஒரு தடவையாவது நடந்திருந்தால் இந்தச் சோதனை வீட்டில் கூடவே கூடாது. எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். வளர்ச்சிக்கு வேண்டிய சத்து குறையும் என்பது ஒரு பக்கம். நெடுநாள் நிறுத்திய உணவைத் திரும்பக் கொடுக்கும்போது, முன்பு அதைத் தாங்கிய உடம்பே கடுமையாக எதிர்க்கலாம் என்பது இன்னும் பெரிய ஆபத்து.

கடைசியாகச் சாப்பிட்டதையே குற்றவாளி ஆக்குவது அடுத்த தவறு. உடனடி அலர்ஜி சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பாகக் காட்டிவிடும். உணவால் எக்ஸிமா சினப்பதோ மறுநாளோ அதற்கடுத்த நாளோகூட நடக்கலாம். அதனால் ஒரு நோட்டில் எழுதுங்கள், உணவை மட்டும் அல்ல: ‘திங்கள் இரவு, வேகவைத்த முட்டை 2. செவ்வாய், நல்ல வியர்வை, க்ரீம் தடவவில்லை. புதன் காலை, அரிப்பு.’ இப்படி எழுதினால் முட்டையோடு இன்னும் இரண்டு பேர் கூண்டில் நிற்பது தெரியும்.

பணம் கட்டி ஏமாறுவது ஐஜிஜி ரத்தப் பரிசோதனையில். நூறு உணவுக்கு மேல் சிவப்பும் பச்சையுமாகப் பட்டியல் வரும். ஐஜிஜி என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம். அது இருந்தால் அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை உருப்படியானது, ஆனால் அதில் தடித்தது எல்லாம் அலர்ஜி ஆகிவிடாது. சாப்பிட்டால் என்ன ஆகிறது என்பதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

முழங்கை, முழங்கால், பிட்டப் பகுதியில் சின்னக் கொப்புளங்களோடு தாங்க முடியாத அரிப்பு இருந்தால், அது சீலியாக் நோயின் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) தோல் வடிவமாக இருக்கலாம். அவசரப்பட்டு முதலில் கோதுமையை விட்டுவிடாதீர்கள். குளூட்டனை நிறுத்திய பிறகு பரிசோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும்.

மீனும் அநியாயமாகப் பழி சுமக்கும். குளிரில் வைக்காத சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் ஹிஸ்டமின் என்ற, அலர்ஜி போலவே தடிப்பை உண்டாக்கும் பொருள் சேரும். சமைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து தடித்தால் அலர்ஜி என்றே தோன்றும். குற்றம் மீனுடையதல்ல, அதை வைத்திருந்த விதத்தினுடையது.

தக்காளியோ ஆரஞ்சோ சாப்பிட்ட குழந்தைக்கு வாயைச் சுற்றி மட்டும் சிவந்து, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிட்டால், பெரும்பாலும் அது சாறு பட்ட எரிச்சல்தான். ஊட்டும் முன் வாயைச் சுற்றி வாசலின் தடவிப் பாருங்கள்.