நீராவி லைனில் பிரஷர் டிரான்ஸ்மிட்டர்: என் அனுபவம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பாய்லர் லைன். அழுத்தத்தை அளந்து மின் சிக்னலாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் ரீடிங் ஓயாமல் அலைந்தது. 7 பார் நீராவி என்றால் ஏறக்குறைய 170 டிகிரி; அது நேராக டயாஃப்ரத்தில் (அழுத்தத்தை உணரும் மெல்லிய தகடு) அடித்தால் எந்தக் கருவி தாங்கும்?

பவரைத் துண்டித்து, வால்வை மூடிப் பூட்டி, சாவியை என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். வென்ட் திறந்து மிச்ச அழுத்தம் இறங்கி, குழாய் ஆறிய பிறகுதான் ஸ்பேனர். கேஜ் பூஜ்யம் காட்டுவதை மட்டும் நம்பி யாரும் கழற்றாதீர்கள்.

லைனுக்கும் கருவிக்கும் இடையில் சுருள் சைஃபன் குழாய் மாட்டி, தண்ணீர் நிரப்பினேன். பலர் விட்டுவிடுவது இதைத்தான்; தண்ணீர் இல்லாத சைஃபன் என்றால் முதல் நீராவி நேரே கருவிக்குள் போகும். ஸ்பேனரை அறுகோண நட்டில் மட்டுமே பிடித்தேன், தலைப்பகுதியை முறுக்கவில்லை. ஐப்பசி மழைநீர் கிளாண்டுக்குள் (கேபிள் கருவிக்குள் நுழையும் இடம்) வழியாதபடி கேபிளைத் தொங்கலாக வளைத்துவிட்டேன்.

வால்வை மெல்லத் திறந்தோம். அழுத்தமே இல்லாதபோது வரும் 4 மில்லியாம்பியர் சிக்னலிலிருந்து ஏறி, அசையாமல் நின்றது ரீடிங்.