கையில் உள்ள காசுக்கு ஒரு முதல் புல்விப்: யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறவர்களுக்கான செய்முறை

சாட்டை என்றதும் எங்கள் ஊரில் மாட்டுவண்டிச் சவாரிதான் நினைவுக்கு வரும். சவாரிக்காரர் கையில் இருப்பது வேறு, இங்கே சொல்லப்போகும் புல்விப் வேறு. இது காற்றில் வெடிக்கவைத்துப் பழகுகிற நீளச் சாட்டை. இதன் நுனி தோலைக் கிழிக்கும். எந்த விலங்கின் மீதும் இதை வீசக் கூடாது. 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் ஒருபுறம் இருக்க, அது வாயில்லாச் சீவனுக்குச் செய்கிற கொடுமை.

முதல் சாட்டை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்துக்கும் தோலுக்கும் இழை எண்ணிக்கைக்கும் காசைக் கொட்டிவிடுகிறார்கள். காசு போகவேண்டிய இடம் ஒன்றுதான்: பிடியிலிருந்து நுனிவரை இடையில் முறிவில்லாமல் மெலிந்துகொண்டே போகும் பின்னல். அது சரியாக இருந்தால் மலிவுச் சாட்டையும் பேசும். அது பிழைத்தால் எவ்வளவு விலை கொடுத்தாலும் பேசாது.

படி 1: பாகங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

கையில் பிடிக்கிற விறைப்பான பகுதி பிடி. அதன் நீளம் 20 முதல் 25 சென்ரிமீற்றர், உள்ளே இரும்புக் கம்பியோ மரமோ இருக்கும். பிடி முடிகிற இடத்திலிருந்து வளைந்து மெலிந்து போவது பின்னல். பின்னலின் நுனியில் முடிந்திருக்கும் ஒற்றை வார் 60 முதல் 75 சென்ரிமீற்றர் வரும். வாரின் நுனியில் 15 முதல் 20 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு நூல் குஞ்சம். பொப்பர் என்று விற்பவர்கள் சொல்வது இதைத்தான். வாரும் குஞ்சமும் தேய்வதற்கென்றே வைக்கப்பட்டவை, அவை தேய்வதால்தான் பின்னல் தப்புகிறது.

வீசும்போது கையின் அசைவு ஒரு வளைவாகப் பின்னல் வழியே ஓடுகிறது. போகப்போகப் பின்னல் மெலிவதால் அசைக்கவேண்டிய எடை குறைகிறது, அதனால் வேகம் ஏறுகிறது. எங்கள் ஊர் வெயிலில், 30 பாகை வெப்பத்தில், ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் ஓடும். நுனி அதையும் முந்தும்போது எழுகிற அதிர்வலைதான் அந்தப் ‘படார்’. 1958 இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தினர் அதிவேகப் படங்களின் துணையோடு இதை ஆராய்ந்து எழுதினார்கள். 2002 இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் கோரியெலியும் மக்மிலனும், நுனி முந்துகிறபோதும், சத்தத்தை எழுப்புவது ஒலியின் வேகத்தைத் தொடும் அந்த வளைவே என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். தலையிலிருந்து நுனிவரை ஒரே தடிப்பில் போகும் கயிற்றுச் சாட்டையில் வேகம் அவ்வளவாக ஏறாது. எவ்வளவு பலமாக வீசினாலும் தோள்பட்டை நோவதுதான் மிச்சம்.

படி 2: நீளத்தைத் தீர்மானியுங்கள்

ஆறடி வாங்குங்கள். ஐந்தடிக்கும் குறைந்த உயரமுள்ளவர் ஐந்தடிச் சாட்டை எடுக்கலாம்.

பார்க்க வடிவாக இருக்கிறது என்று எட்டடி, பத்தடி எடுக்காதீர்கள். நீளம் கூடினால் எடையும் கூடும். பழகாத கை அதை நிலத்தில் அடித்து அடித்து இரண்டு கிழமையில் வாரைத் தின்றுவிடும். குட்டையாக இருந்தால் ஆபத்துக் குறைவு என்ற எண்ணமும் பிழை. நாலடிச் சாட்டை மிகக் கெதியாகத் திரும்பும், திரும்பி வரும் இடமும் முகத்துக்குக் கிட்ட.

விற்பவர் சொல்லும் நீளம் பிடியின் அடியிலிருந்து பின்னல் முடியும் இடம் வரை. வாரும் குஞ்சமும் அந்தக் கணக்கில் வராது. ஆறடிச் சாட்டையை நிலத்தில் விரித்தால் எட்டரை, ஒன்பது அடி வரும். பழகும் இடத்தைத் தேடும்போது இந்த அளவையே மனதில் வையுங்கள்.

படி 3: நைலோனா, தோலா?

தொடங்குகிறவருக்கு, அதுவும் யாழ்ப்பாணத்தில், நைலோன்.

சாட்டை பின்ன உலகத்தில் பெரிதாக மதிக்கப்படுவது அவுஸ்திரேலியக் கங்காருத் தோல். மெல்லியதாக வார்ந்தாலும் அறாது. ஆனால் அந்தச் சாட்டைகளின் விலை பல நூறு டொலர். கைவினைஞர் பின்னிய நல்ல நைலோன் சாட்டை நூறு டொலரைச் சுற்றித் தொடங்கும். தோலுக்கு இங்கே வேறு தொல்லையும் உண்டு. மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், கோடையில் கொழுப்புப் பூசாவிட்டால் காய்ந்து வெடிக்கும். நைலோனுக்கு இரண்டும் இல்லை. மழையில் நனைந்தாலும் நிழலில் தொங்கவிட்டால் காய்ந்துவிடும்.

மிகமிக மலிவாக வரும் ‘தோல்’ சாட்டைகளைத் தொடவே வேண்டாம். அவை சுவரில் மாட்டி அழகு பார்க்கச் செய்தவை. உள்ளே கழிவுத் துண்டுகளையோ கடதாசியையோ அடைத்து மேலே பட்டையான வாரைச் சுற்றியிருப்பார்கள். வளைத்தால் வாருக்கு வார் இடைவெளி தெரியும். சிலவற்றில் நுனி வாரோ குஞ்சமோ இருக்காது. அதைக் கண்டதும் வைத்துவிட்டு வாருங்கள்.

நைலோன் என்று சொல்லி வேறு கயிற்றில் பின்னிக் கொடுப்பதும் நடக்கிறது. சாட்டைக்கு ஏற்றது பரக்கோட் எனப்படும், 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள பின்னிய நைலோன் கயிறு. கடைகளில் நீலத்திலும் செம்மஞ்சளிலும் கிடைக்கும் வழுக்கலான கயிறு பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன் அல்லது பொலியெத்திலீன். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விற்பவரிடம் ஒரு விரல் நீளத் துண்டு கேட்டு வாங்குங்கள். இழைகளைப் பிரித்து, காற்றுக்குமிழ் போகத் தண்ணீருக்குள் நன்றாகப் பிசைந்து விடுங்கள். நைலோன் அடியில் போய்ப் படியும், மற்ற இரண்டும் மிதக்கும். மிதக்கிற கயிற்றில் செய்த சாட்டை விறைப்பாக இருக்கும், வெயிலிலும் கெதியில் உதிர்ந்துபோகும்.

படி 4: விற்பவரிடம் கேட்க வேண்டியவை

இணையத்தில் வாங்குவதென்றால் முதலில் கேட்கவேண்டியது, வெளியே தெரியும் பின்னலுக்குள் எத்தனை உட்பின்னல் இருக்கிறது என்பதுதான். இரண்டு இருந்தால் மிக நல்லது, ஒன்று போதும். உட்பின்னலே இல்லை என்றால் விட்டுவிடுங்கள். நடுவில் எடைக்கு என்ன வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள். சிறு ஈயக்குண்டு, இரும்புக்குண்டு, சங்கிலி ஆகியவை வழக்கத்தில் உள்ளவை. எடையே இல்லாத நைலோன் சாட்டை காற்றில் மிதக்கும், சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் அது சொன்ன பாதையில் போகாது. ஆறடி நைலோன் சாட்டை அரைக் கிலோவைச் சுற்றி இருக்கலாம்.

அடுத்தது இழைக் கணக்கு. பிடியருகே 12 அல்லது 16 இழையில் தொடங்கி, இடையிடையே இழைகளை உள்ளே விட்டுக் குறைத்து, நுனியில் 6 அல்லது 4 இழையில் முடிந்திருக்க வேண்டும். தொடங்குகிற எண்ணைப் பெருமையாகச் சொல்கிறவர் முடிகிற எண்ணைச் சொல்லத் தடுமாறினால் கவனமாயிருங்கள். இழை 24 என்பது அழகு வேலை, வெடிப்புக்கு அதனால் ஒன்றும் கூடாது.

இரண்டு படமும் கேளுங்கள்: சாட்டையை நேராகக் கிடத்தி அளவுநாடாவோடு எடுத்தது ஒன்று, பிடியும் பின்னலும் சேரும் இடத்தை வளைத்து எடுத்தது ஒன்று.

வெளிநாட்டிலிருந்து எடுத்தால் தபால் செலவையும் சுங்கத்தில் விழக்கூடிய வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவாகத் தெரிந்தது சில வேளை மலிவாக இராது. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வருகிற உறவினரிடம் சொல்லிவிடுவதானால், விமானத்துக்குள் கொண்டுபோகும் கைப்பையில் வைக்கவேண்டாம், பெரிய பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

படி 5: கைக்கு வந்ததும் சோதியுங்கள்

முக்கியமான சோதனை இது. பிடியைத் தோள் உயரத்தில், நிலத்துக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள். பின்னல் தானாகத் தொங்கட்டும். நல்ல சாட்டையில் பிடி முடிந்தபின்னும் ஒரு சாண் அளவுக்குப் பின்னல் நிமிர்ந்து நின்று, பிறகு மெதுவாக வளைந்து இறங்கும். பிடி முடிந்த இடத்திலேயே கதவுப் பிணைச்சல் போல மடிந்து விழுந்தால், கையின் சக்தி அந்த மடிப்பிலேயே செத்துப்போகும். இந்தக் குறை பழகப் பழகச் சரிவராது, கூடத்தான் செய்யும். திருப்பிக் கொடுங்கள்.

பிறகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து, தலையிலிருந்து நுனிவரை மெல்ல உருவுங்கள். தடிப்பு பிடியருகே 20 மில்லிமீற்றருக்கு மேலும், வார் முடிச்சுக்கு அருகே 8 மில்லிமீற்றருக்குக் கீழும் இருப்பது நல்லது. நடுவில் விரல் தடக்கினால் இழை குறைத்த இடத்தை ஒழுங்காக உருட்டவில்லை. பொதுக்கென்று அமுங்கினால் உள்ளே வெற்றிடம்.

சீமெந்து நிலத்தில் நேராகக் கிடத்தி உள்ளங்கையால் உருட்டுங்கள். ஒரு பக்கம் சுருண்டு சுருண்டு வந்தால் பின்னும்போது இழுவை ஒத்துவரவில்லை. இலேசான வளைவு என்றால் பொறுக்கலாம், பழக்கத்தில் நேராகும். கடைசியாக, பிடியின் அடியில் உள்ள குமிழ் முடிச்சைத் திருகிப் பாருங்கள், அசையக் கூடாது.

படி 6: குஞ்சத்தை நீங்களே செய்யுங்கள்

பழகுகிற காலத்தில் குஞ்சம் அடிக்கடி போகும். ஒவ்வொரு முறையும் வாங்கத் தேவையில்லை. வலைச் சாமான் விற்கிற கடைகளில் முறுக்கிய நைலோன் நூல் கிடைக்கும். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

50 சென்ரிமீற்றர் நீளத்தில் 8 இழை வெட்டி ஒன்றாகச் சேருங்கள். ஒரு நுனியை ஆணியில் கட்டி, மற்ற நுனியை ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டே போங்கள். தளரவிட்டால் தானாகச் சுருண்டு குட்டிக் கண்ணி விழும் அளவுக்கு முறுக்கேற வேண்டும். முறுக்கு அவிழாமல் நடுவில் பிடித்து இரண்டாக மடியுங்கள். இரு பாதியும் எதிர்ப்பக்கமாக ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். மடித்த இடத்தில் சிறு கண்ணி விட்டு, திறந்த நுனியிலிருந்து 3 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு முடிச்சுப் போடுங்கள். முடிச்சுக்கு வெளியே உள்ளதைப் பிரித்துத் தும்பாக்குங்கள். முதல் வீச்சிலேயே அவிழ்ந்துபோனால் முறுக்குக் காணாது என்று பொருள்.

வாரோடு பொருத்துவதற்கு வலை பின்னுகிறவர்களின் முடிச்சே போதும். வாரின் நுனியைக் குஞ்சத்தின் கண்ணிக்குள் கீழிருந்து மேலே விட்டு, கண்ணியின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, வாருக்கே அடியில் செருகி இறுக்குங்கள்.

தங்கூசி நூலில் குஞ்சம் செய்யக் கூடாது. அது தும்பாகப் பிரியாது. முறிந்து பறக்கும் துண்டு கண்ணில் ஏறும். கம்பியையோ வேறு உலோகத்தையோ நினைத்தும் பார்க்காதீர்கள்.

படி 7: முதல் நாள்

கண்ணாடி, அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை, நீளக் களிசான், சப்பாத்து. கண்ணாடி இல்லாமல் ஒரு வீச்சும் வேண்டாம். காதுக்குப் பஞ்சைவிடக் காதடைப்பான் நல்லது.

சுற்றிவர ஐந்து மீற்றருக்கு ஆளோ நாயோ வேலியோ இருக்கக் கூடாது. தலைக்கு மேலே மின்கம்பி, உடுப்புக்கொடி, முருங்கைக் கொப்பு எதுவும் வேண்டாம். புல் நிலம் உகந்தது. சுண்ணக்கல் துருத்தும் நிலமும் கிரவலும் வாரை அரம்போல அராவும். காற்று எழமுன், காலையிலேயே பழகுங்கள்.

அயலவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. சாட்டை வெடிப்பது துவக்கு வெடியைப்போலவே கேட்கும். போர்க்காலத்தைத் தாண்டி வந்த பெரியவர்கள் அடுத்த வளவில் இருக்கக்கூடும். அவர்களிடம் நேரில் போய், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டுத் தொடங்குவது நாங்கள் அவர்களுக்குக் கொடுக்கவேண்டிய மரியாதை. பொழுதுபட்டபின் வேண்டவே வேண்டாம்.

சாட்டையைப் பின்னால் நேராக நீட்டி விடுங்கள். கையை மெல்ல மேலே உயர்த்தி, தோளுக்கு ஒரு முழம் வெளியே, பந்தை முன்னே எறிவதுபோல வீசி, கை தோள் உயரத்தில் முன்னே நீண்டதும் நிறுத்துங்கள். வளைவு உருண்டு போய் முன்னால் விரியும். சத்தம் வராவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் தொடக்கத்திலேயே வேகம் கொடுத்துவிட்டதுதான் காரணம். மெதுவாகத் தொடங்கி முடிவில் வேகம் ஏற வேண்டும். முதுகிலோ காதிலோ பட்டால் வீச்சு உடம்பைக் குறுக்கே கடக்கிறது, கையை வெளியே தள்ளுங்கள். வெடித்தபின் சாட்டையைப் பக்கவாட்டில் விழவிடாவிட்டால் கணுக்காலில் சுற்றும்.

பராமரிப்பு

கடற்கரையில் பழகினால் நல்ல தண்ணீரில் அலசுங்கள், மணலும் உப்பும் இழைக்குள் இருந்து அறுக்கும். பெரிய வளையமாகச் சுருட்டி வீட்டுக்குள் நிழலில் தொங்கவிடுங்கள், வெயில் நைலோனை நலியவைக்கும். மெழுகு ஊட்டிய சாட்டையைப் பூட்டிய வாகனத்துக்குள் விட்டுப் போனால் மெழுகு உருகி இருக்கையில் ஊறும்.

ஒவ்வொரு முறையும் எடுக்கமுன் வாரின் நுனியைப் பாருங்கள். மெலிந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுக் குஞ்சத்தைத் திரும்பக் கட்டலாம். வார் 45 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததும் புதியதை மாற்றுங்கள். வார் இல்லாமல் வீசினால் பின்னலின் நுனியே தும்பாக உதிரத் தொடங்கும். அதைத் திருத்தப் பின்னலை அவிழ்த்துத்தான் ஆகவேண்டும்.