மைலேஜைக் குடித்த பிரேக்

மழைக்காலம் முடிந்ததும் எங்கள் சின்ன எஸ்யூவியின் மைலேஜ் லிட்டருக்கு 17 கிலோமீட்டரிலிருந்து 13-க்கு இறங்கியது. சர்வீஸ் சென்டரில் "சென்னை ஓஎம்ஆர் ரோடு டிராஃபிக் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். டிராஃபிக் எப்போதும் உள்ளதுதானே! டயர் காற்று சரி. மெட்ரோ வேலைப் புழுதியில் கறுத்திருந்த ஏர் ஃபில்டரை மாற்றியும் பலனில்லை.

அப்புறம், வண்டியை நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோனேன். முன் இடது சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. வேளச்சேரியில் தேங்கிய மழைத்தண்ணீரில் ஓடியதில், பிரேக் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர உதவும் 'பின்' என்ற சிறு கம்பி துருப்பிடித்து இறுகிவிட்டது. பெடலை விட்டாலும் பேட், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. தெருமுனை மெக்கானிக் அண்ணன் பின்னைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பிரேக் கிரீஸ் தடவி மாட்டினார். மைலேஜ் திரும்பிவிட்டது.

பழைய எஸ்யூவி வாங்கப் போகிறவர்களும் டெஸ்ட் டிரைவ் முடிந்ததும் இடது, வலது சக்கரச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும்.