இரவு அழைப்புகளைக் குறைத்த பிறகுதான் தூக்கம் வந்தது

சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலை, அமெரிக்க வாடிக்கையாளர் என்பதால் இரவு 10 மணி தாண்டியும் மீட்டிங், அதற்கு மேல் படுத்தாலும் தூக்கம் வராது. சம்பளம் ஏறியது, பதவியும் வந்தது, ஆனால் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. முதலில் மாலை காபியை நிறுத்தினேன். உடம்பில் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அப்புறம் மேலாளரிடம் நேரடியாகப் பேசி, இரவு அழைப்புகளை வாரத்தில் இரண்டு நாளுக்குள் அடக்கினோம், மற்ற நாட்களில் 8 மணிக்கே அலுவலக நோட்டிபிகேஷன் எல்லாம் அணைந்துவிடும். எனக்கு அதிகம் உதவியது இதுதான், கேட்கத் தயங்காதீர்கள். வேலையால் வரும் இந்தச் சோர்வை (பர்ன்அவுட்) உலக சுகாதார நிறுவனமே, நோய்களையும் உடல்நலம் சார்ந்த நிலைகளையும் வகைப்படுத்தும் தன் ஐசிடி-11 பட்டியலில் சேர்த்திருக்கிறது, சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த பதவி உயர்வு கொஞ்சம் தள்ளிப் போகலாம், சரி, போகட்டும்.