கீழே இருக்கும் குட்டி எண்ணைத் தொடாதீர்கள்

போன வாரம் டியூஷனில் ஒரு பையன் பலகையில் வேதிச் சமன்பாட்டை எழுதி முடித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தான். அவன் வயதில் நானும் இதே தப்பைச் செய்துவிட்டு இப்படித்தான் நின்றேன். அம்புக்குறியை மறப்பது, அணுவை எண்ணும்போது ஒன்றை விடுவது எல்லாம் நாலு கணக்குப் போட்டால் தானாகச் சரியாகிவிடும். அதை விடுங்கள்.

கீழ்க்குறியில் (அந்தக் குட்டி எண்ணில்) கைவைப்பது

கொடுத்த சொற்சமன்பாடு: சோடியம் + நீர் → சோடியம் ஹைட்ராக்சைடு + ஹைட்ரஜன். அவன் எழுதியது (என்ஏ சோடியம், எச் ஹைட்ரஜன், ஓ ஆக்சிஜன்):

என்ஏ + எச்₂ஓ → என்ஏஓஎச் + எச்

எண்ணிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சோடியம் 1, ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. கச்சிதம்! எரிச்சலே அதுதான். முதலில் எச்₂ என்று சரியாகத்தான் எழுதியிருந்தான். வலப்பக்கம் மூன்று ஹைட்ரஜன் வந்ததும் அந்த 2-ஐ விரலால் துடைத்துவிட்டான். சாக்பீஸ் தடம் அப்படியே தெரிந்தது. "கணக்கு சரியா வருதே சார்?"

வரும். ஆனால் சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் குமிழியிட்டு வெளிவரும் வாயு ஈரணு மூலக்கூறு, அதாவது இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த எச்₂. கீழ்க்குறியை மாற்றினால் பொருளே மாறிவிடும். நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்கு ஒரு 2 போட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு. நாம் தொடக்கூடியது வாய்பாட்டுக்கு முன்னால் போடும் எண்ணை, அதாவது கெழுவை மட்டும்தான்:

2என்ஏ + 2எச்₂ஓ → 2என்ஏஓஎச் + எச்₂

நான் இதில் மாட்டியது பிளஸ் ஒன் பரீட்சையில். 46 கிராம் சோடியம் எத்தனை லிட்டர் ஹைட்ரஜன் தரும் என்று கேள்வி. திட்ட வெப்ப அழுத்த நிலையில் 22.4 லிட்டர்; எச்₂-க்குப் பதில் எச் என்று போட்டிருந்ததால் நான் இருமடங்காக 44.8 என்று எழுதினேன். ஹைட்ரஜனின் நிறை எப்படிப் போட்டாலும் 2 கிராம்தான் வருகிறது, அதனால் சரிபார்த்தபோதுகூடச் சந்தேகம் வரவில்லை. கேள்வி முழுக்கப் போச்சு.

சல்பைடா, சல்பைட்டா?

ஒரு ஒற்றுதான் வித்தியாசம். சல்பைடில் ஆக்சிஜனே கிடையாது. சல்பைட்டில் மூன்று, சல்பேட்டில் நான்கு. அவசரத்தில் படித்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

அடைப்புக்குறி

கால்சியம் ஹைட்ராக்சைடில் ஓஎச் இரண்டு. அடைப்புக்குறி போடாமல் 2 எழுதினால் ஹைட்ரஜன் மட்டும் இரட்டிக்கும், ஆக்சிஜன் ஒன்றாகவே நிற்கும். அப்புறம் சுட்ட சுண்ணாம்பும் (கால்சியம் ஆக்சைடு) நீரும் சேர்ந்து இது உண்டாகும் எளிய வினைகூட விடிய விடியப் போராடினாலும் சமன் ஆகாது.

பின்னம்

சமன் செய்யும்போது கெழுவாக இடையில் போட்டுக்கொள்ளலாம். விடைத்தாளில் வேண்டாம்.