மலையேற்றத்துக்குச் சின்ன காம்பஸ்: நம் ஊருக்கு எது சரிப்படும்?

மேற்குத் தொடர்ச்சி மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி முன்னால் போகிறவரே தெரிய மாட்டார். போனில் ஜிபிஎஸ் இருக்கிறதுதான், ஆனால் சார்ஜ் தீர்ந்தால் அதோடு சரி. காம்பஸுக்குச் சார்ஜ் போடும் வேலையே இல்லை. கடையில் ஐம்பது வகை கிடக்கும்போது எதை எடுப்பது என்பதுதான் குழப்பம்.

படி 1: வகையை முடிவு செய்யுங்கள்

சாவிக்கொத்தில் தொங்கும் பட்டன் காம்பஸ் வடக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லும். வரைபடத்தில் வைத்துப் பாதை பிடிக்க அது உதவாது. பித்தளை மூடி போட்ட பழைய ராணுவ மாடல் பார்க்க அழகு, தூக்கக் கனம். புதிதாகத் தொடங்குபவருக்கு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடும் சுழலும் டிகிரி வளையமும் உள்ள பேஸ்பிளேட் காம்பஸ் போதும். பின்லாந்தின் சூன்டோ நிறுவனத்தின் ஏ-10 போன்றவை 30 கிராம் அளவில்தான் இருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த மாடல்கள் இன்னும் துல்லியமானவை, ஆனால் எடை இரண்டு மடங்குக்கு மேல்.

படி 2: முள் எந்த ஊருக்கானது என்று பாருங்கள்

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் தரைக்கு இணையாக ஓடுவதில்லை. பின்லாந்தில் அது 70 டிகிரிக்கும் மேல் சரிந்து தரைக்குள் இறங்குகிறது. அதனால் முள்ளின் வடமுனை கீழே இழுபடும். அதைச் சமன் செய்யத் தென்பக்கம் எடை கூட்டித் தயாரிக்கிறார்கள். தமிழ்நாட்டின் தெற்கிலோ புலம் கிட்டத்தட்ட மட்டமாகவே இருக்கிறது. 1963-ல் ராக்கெட் விடத் திருவனந்தபுரம் அருகிலுள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, புலம் மட்டமாக ஓடும் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அது இருப்பதுதான். ஐரோப்பாவுக்கான முள் இங்கே வந்தால் தென்முனை தாழ்ந்து, உள்தட்டில் உரசி நின்றுவிடலாம்.

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் வாங்கிவரச் சொன்னால், 'குளோபல்' என்று குறித்ததையே கேளுங்கள். சூன்டோவின் எம்சி-2 மாடலில் வட அரைக்கோளத்துக்கு ஒன்று, உலகம் முழுவதற்கும் ஒன்று என இரண்டு வகை உண்டு. விலை கூடத்தான். கண்ணாடி, பூதக்கண்ணாடி, இருட்டில் ஒளிரும் புள்ளி எல்லாவற்றையும்விட இந்த ஒரு செலவு பயனுள்ளது என்பேன்.

முள் காட்டும் காந்த வடக்குக்கும் வட துருவம் இருக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருத்தும் வசதிக்கு இங்கே அவசரமில்லை. தமிழ்நாட்டில் அந்த வித்தியாசம் 2 டிகிரிக்குள்தான். ஒரு கிலோமீட்டர் நடந்தால் 35 மீட்டர் விலகுவீர்கள், அவ்வளவே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சுமார் 15 டிகிரி. அந்தப் பக்கம் மலையேறப் போகிறவர் இந்த வசதி இல்லாமல் வாங்கக் கூடாது.

படி 3: கடையிலேயே சோதியுங்கள்

உள்ளங்கையில் மட்டமாக வைத்து முள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். இரும்புச் சாவி ஒன்றைப் பக்கத்தில் கொண்டுபோய் முள்ளை அசைத்துவிட்டு, சாவியைத் தூர எடுங்கள். முள் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் அது வேண்டாம். பிறகு கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், முள் தடையின்றி ஆட வேண்டும். வளையம் தானாக நழுவக் கூடாது.

இரண்டு காம்பஸை ஒப்பிடுவதானால் அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். ஒன்றை ஒன்று இழுக்கும்.

உள்ளே இருக்கும் திரவத்தில் கடுகளவு குமிழி பரவாயில்லை. உயரமான இடத்தில் அது கொஞ்சம் பெரிதாகும், இறங்கியதும் சுருங்கும். முள்ளைத் தடுக்கும் அளவு பெரிய குமிழி என்றால் வாங்காதீர்கள்.

படி 4: வைக்கும் இடம்

போன், இயர்போன் டப்பா, காந்தப் பூட்டு வைத்த போன் கவர் ஆகியவற்றோடு ஒரே பையில் போடாதீர்கள். வலுவான காந்தம் அருகில் கிடந்தால் முள்ளின் துருவமே தலைகீழாகி, வடமுனை தெற்கைக் காட்டத் தொடங்கிவிடலாம். கிளம்பும் நாள் காலையில் சூரியன் எழும் பக்கம் பார்த்து நில்லுங்கள். வடக்கைக் காட்டும் சிவப்பு முனை உங்கள் இடது கைப் பக்கம் இருந்தால் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடையைக் கட்டலாம்.