ரிசீவரின் டிஸ்ப்ளேயைப் படிக்கத் தெரிந்தால் போதும்

கோவை, திருப்பூர் பக்கம் வீடுகளில் ஹோம் தியேட்டர் மாட்டித் தருவதுதான் என் தொழில். "சவுண்டு சரியில்லைங்க" என்று யார் கூப்பிட்டாலும், போனதும் நான் கேட்பது ரிசீவரின் ரிமோட்டை. டிவி, பிளேயரிலிருந்து சிக்னலை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் ரிசீவர். அந்த ரிமோட் பெரும்பாலும் சோபா இடுக்கில் பேட்டரி தீர்ந்து கிடக்கும். வீட்டில் எல்லோரும் டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகியிருப்பார்கள். அந்த ரிசீவர் ரிமோட்டில் இன்ஃபோ அல்லது ஸ்டேட்டஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். பாதி வியாதிக்கு மருந்து அதில்தான்.

அதை அழுத்தினால் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, ரிசீவருக்குள் என்ன சிக்னல் வருகிறது. இன்னொன்று, அதை ரிசீவர் என்ன செய்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான சிக்கல். "அஞ்சு ஸ்பீக்கர்லயும் சத்தம் வருதுங்க, அப்ப 5.1 தானே?" என்பார்கள். இல்லை. 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கருக்கும், தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபருக்கும் தனித்தனி ஒலி, அதாவது சேனல், வர வேண்டும். உள்ளே வருவது வெறும் இரண்டு சேனல் ஸ்டீரியோவாக இருந்தாலும், டால்பி சரவுண்ட் மாதிரியான மோடு அதைப் பிரித்து எல்லா ஸ்பீக்கருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடும். மல்டி சேனல் ஸ்டீரியோ மோடில் இருந்தால் இன்னும் மோசம். செய்தி சேனலைப் போட்டுப் பாருங்கள், வாசிப்பவரின் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்தும் கேட்கும். அதனால் முதலில் இன்புட் வரியைப் படியுங்கள், மோடு பெயரை அப்புறம் பார்க்கலாம்.

பிசிஎம் என்பது சுருக்காத டிஜிட்டல் ஒலி. இன்புட் வரியில் பிசிஎம் 2 சேனல் என்று இருந்தால் ஸ்டீரியோதான் வருகிறது. யூடியூபில் பெரும்பாலானவை அப்படித்தான், அதற்கு ரிசீவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓடிடியில் 5.1 என்று போட்டிருக்கும் படத்துக்கும் இதையே காட்டினால், வழியில் யாரோ சுருக்கிவிட்டார்கள். அந்த 'யாரோ' அநேகமாக டிவி.

இந்த வழியைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். டிவிக்குள் இருக்கும் ஆப்பில் படம் ஓடுகிறது. சத்தம் மட்டும் எச்டிஎம்ஐ கேபிள் வழியாகத் திரும்பி ரிசீவருக்கு வருகிறது. இதற்குப் பெயர் ஆர்க். 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. டிவியில் ஆர்க் என்று எழுதியிருக்கும் துளையில்தான் கேபிளைச் செருக வேண்டும். ரிசீவரிலும் அவுட்புட் பக்கம் ஆர்க் என்று இருக்கும் துளை. இரண்டிலும் சிஇசி என்ற, கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதியை ஆன் செய்ய வேண்டும். டிவி கம்பெனிகள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன, செட்டிங்கில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்புறம் டிவியின் சவுண்டு மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே பிசிஎம் என்று இருந்தால் ஆட்டோ அல்லது பாஸ் த்ரூ என்று மாற்றுங்கள். நான் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் வேலை இதோடு முடிந்துவிடும். காசு வாங்கவே கூச்சமாக இருக்கும், வாங்கிவிடுவேன்.

ஆர்க்கா, அதன் புதிய வடிவமான இ-ஆர்க்கா என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டால் தெளிந்துவிடும். சுருக்காத ஒலி ஒரு சேனலுக்கு 24 பிட், நொடிக்கு 48,000 முறை. ஆறு சேனலுக்குப் பெருக்கினால் நொடிக்குக் கிட்டத்தட்ட 6.9 மெகாபிட். ஆர்க்கின் கொள்ளளவு இதற்குப் போதாது. பழைய ஆப்டிக்கல் கேபிளுக்கும் அதே கதை. இரண்டு சேனல் பிசிஎம் போகும், அல்லது சுருக்கப்பட்ட 5.1 போகும். அப்படிச் சுருக்கும் முறைகளில் ஒன்றான டால்பி டிஜிட்டலின் உச்சம் நொடிக்கு 640 கிலோபிட், அதனால் தாராளமாகப் போகும். நெட்ஃபிளிக்ஸில் அட்மோஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் கேட்கும் ஒலி, வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற உறையில், அதிகபட்சம் 768 கிலோபிட். டிவியும் ரிசீவரும் ஒத்துக்கொண்டால் இதுவும் சாதாரண ஆர்க்கிலேயே வந்துவிடும். ஆப்டிக்கலில் மட்டும் வராது. ஓடிடி மட்டும் பார்க்கிற வீட்டில் இ-ஆர்க்குக்காக டிவியை மாற்றுவது வீண் செலவு என்பது என் அபிப்பிராயம். புளூ-ரே டிஸ்க்கில் இருக்கும் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற இழப்பில்லாத ஒலியை டிவி வழியாக ரிசீவருக்குக் கொண்டுவர வேண்டுமானால்தான் இ-ஆர்க் கட்டாயம். அதன் கொள்ளளவு நொடிக்கு 37 மெகாபிட் வரை. பிளேயரை நேரே ரிசீவரில் செருகிவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

பிசிஎம் என்றாலே மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். சேனல் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஆப்பிள் டிவி 4கே பெட்டி 5.1 ஒலியைத் தானே பிரித்து, பல சேனல் பிசிஎம்மாகத்தான் கொடுக்கும். டிஸ்ப்ளேயில் டால்பி என்ற எழுத்து வராது, மல்டி சேனல் என்று வரும். எல்லாம் சரியாகவே இருக்கிறது. அதேபோல, மேலே உயர ஸ்பீக்கர் மாட்டாத 5.1 அமைப்பில் சில ரிசீவர்கள் அட்மோஸ் என்று காட்டாமல் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்று மட்டும் காட்டும். அதற்காக ஓடிடி சந்தாவை ரத்து செய்ய வேண்டாம்.

வீடியோ பக்கம் ரிசீவருக்குப் பெரிய வேலை கிடையாது. வந்ததை அப்படியே டிவிக்குக் கடத்திவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கடத்துவதிலும் தகுதி பார்ப்பார்கள். 4கே படங்களுக்கு எச்டிசிபி 2.2 என்ற காப்புப் பூட்டு உண்டு. பிளேயர், ரிசீவர், டிவி மூன்றுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நடுவில் இருக்கும் ரிசீவருக்குத் தெரியாவிட்டால் திரை கறுப்பாகும், அல்லது 1080பி-க்கு இறங்கிவிடும். 2014க்கு முன்னால் வந்த ரிசீவர்களில் பெரும்பாலும் இது இருக்காது. அதற்காக நல்ல பழைய ரிசீவரை எடைக்குப் போடாதீர்கள். பிளேயரை நேரே டிவியில் செருகி, சத்தத்தை மட்டும் ஆர்க்கில் ரிசீவருக்கு எடுங்கள்.

புது ரிசீவராக இருந்தும் எச்டிஆர், அதாவது வெளிச்சமும் நிறமும் கூடுதலாகத் தெரியும் படம், வரவில்லையா? டிவியில் அந்த எச்டிஎம்ஐ துளைக்கு என்ஹான்ஸ்டு அல்லது டீப் கலர் என்ற செட்டிங் ஆஃபில் இருக்கும். ரிசீவரிலும் 4கே சிக்னல் ஃபார்மெட் என்று தனியாக ஒன்று இருக்கும். இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

இனி கேபிள். 4கே, நொடிக்கு 60 ஃபிரேம், நிறத்தைக் குறைக்காமல் அனுப்பினால் 8 பிட்டுக்கே 18 கிகாபிட் வரும். எச்டிஎம்ஐ 2.0-வின் எல்லையே அதுதான். கேம் ஆடுபவர்களுக்கு 120 ஃபிரேம் வேண்டுமென்றால் 2.1 வேண்டும், அது 48 கிகாபிட் வரை தாங்கும். அதற்கு அல்ட்ரா ஹை ஸ்பீடு என்று முத்திரை ஒட்டிய கேபிளாக வாங்குங்கள். கேபிள் பற்றாவிட்டால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், அல்லது படம் இரண்டு நொடி போய்ப் போய் வரும். நிறம் மங்கலாக இருப்பதற்குக் கேபிள் காரணமில்லை. தங்க முலாம் பூசியது என்று ஐயாயிரம் கேட்டால் கடையை மாற்றுங்கள்.

புரொஜெக்டர் வைத்து 10, 15 மீட்டர் இழுப்பவர்களுக்குச் செம்பு சரிவராது, ஃபைபர் எச்டிஎம்ஐ வேண்டும். அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் சோர்ஸ், மறுமுனையில் டிஸ்ப்ளே என்று பொடி எழுத்தில் இருக்கும். சரவணம்பட்டியில் ஒரு வீட்டில் எலெக்ட்ரீஷியன் அதைப் பார்க்காமல் சுவருக்குள் பைப்பில் இழுத்து, பால்ஸ் சீலிங்கையும் மூடி, பெயின்ட்டும் அடித்துவிட்டார். நல்லவேளை, பைப்பில் வளைவுகள் பெரிதாக இருந்ததால் பழைய கேபிளோடு நைலான் கயிற்றைக் கட்டி உருவி, திருப்பி இழுக்க முடிந்தது. சுவரை மூடுவதற்கு முன்னால், கேபிள் தரையில் சுருளாகக் கிடக்கும்போதே இரண்டு முனையையும் செருகிப் படம் வருகிறதா என்று பாருங்கள். பைப்பில் ஒரு இழுகயிறும் விட்டு வையுங்கள்.

ஸ்பீக்கர் செட்டிங்கில் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். சப்வூஃபர் இருந்தால் மற்ற ஸ்பீக்கர்களை ஸ்மால் என்று வைத்து, கிராஸ்ஓவரை, அதாவது தாழ்ந்த ஒலியைச் சப்வூஃபருக்குத் திருப்பிவிடும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அளவில் பெரிய டவராக இருந்தாலும் பரவாயில்லை. வசனம் கேட்கவில்லை என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், மொத்த வால்யூமைத் தொடாமல் சென்டர் லெவலை மட்டும் 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். ராத்திரி பார்க்கும்போது, திடீர்ப் பெரிய சத்தங்களை அடக்கும் நைட் மோடு.

உதடும் குரலும் சேராமல் இருந்தால், குரல் முந்துகிறதா பிந்துகிறதா என்று கவனியுங்கள். டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்வதால் பெரும்பாலும் குரல்தான் முந்தும். ரிசீவரில் லிப் சிங்க் என்ற இடத்தில் 10 மில்லிசெகண்டாக ஏற்றிக்கொண்டே போய், வாயசைவு ஒட்டும் இடத்தில் நிறுத்துங்கள். குரல் பிந்தினால் ரிசீவரில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. லிப் சிங்க் ஏற்கெனவே சைபர்தானா என்று பார்த்துவிட்டு, டிவியின் ஆடியோ டிலேயைக் குறையுங்கள்.